மதுரையில் பழைய வீட்டை வாங்கி, சரிசெய்து விற்பது: வங்கிக் கடனில் செய்தால் லாபம் நிற்குமா?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். பழங்காநத்தம் பக்கம் மூன்று சென்ட் இடத்தில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. கீழே இரண்டு படுக்கையறை, மேலே பிற்பாடு கட்டிய ஒரு தனிப் போர்ஷன். முப்பத்தைந்து வயதாவது இருக்கும் வீட்டுக்கு. அப்பா காலமான பிறகு பிள்ளைகள் விற்றுப் பங்கு போட்டுக்கொள்ள நினைக்கிறார்கள். 54 லட்சம் சொல்கிறார்கள்.

என் யோசனை இதுதான். வங்கியில் 40 லட்சம் கடன் வாங்கி வீட்டை முடிப்பது, எட்டு லட்சம் செலவழித்துப் புதுசு போல ஆக்குவது, எட்டு மாதத்துக்குள் 75 லட்சத்துக்கு விற்றுவிடுவது. அதே தெருவில் இதே அளவு வீடு, கொஞ்சம் புதியது, போன வருடம் அந்த விலைக்குத்தான் போனது. எப்படிப் பார்த்தாலும் 13 லட்சம் நிற்கும் என்று தோன்றுகிறது. கையில் 18 லட்சம் இருக்கிறது, மனைவியின் நகையை வைத்தால் இன்னும் 8 புரட்டலாம். வருடச் சம்பளம் 17 லட்சம், புது வரிமுறையில்தான் இருக்கிறேன்.

விற்காமல் போனால் இரண்டு போர்ஷனையும் வாடகைக்கு விடலாம், கீழே 9,000, மேலே 8,000 வரும் என்கிறார்கள். அல்லது ஒத்திக்கு விட்டு (மாத வாடகை இல்லாமல் மொத்தமாக ஒரு தொகை வாங்கி, காலி செய்யும்போது அதைத் திருப்பித் தருவது) அந்தப் பணத்தைக் கடனில் கட்டிவிடலாம் என்று புரோக்கர் அண்ணன் சொல்கிறார். இன்னொன்றும் சொன்னார்: கிரயமே செய்யாமல் ஐந்து லட்சம் அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் மட்டும் போட்டுக்கொண்டு, ஆறு மாதத்துக்குள் வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டால் பத்திரச் செலவே இல்லையாம்.

இதையெல்லாம் உண்மையில் செய்தவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் இன்னும் பேசவில்லை, அதற்கு முன் எனக்கே தெளிவாக வேண்டும்.

கணக்கன்:

தம்பி, 75-இல் 54-ஐயும் 8-ஐயும் கழித்தால் 13 வரும், சரி. ஆனால் அந்த 13 உங்கள் கைக்கு வராது. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்போம்.

முதலில் பத்திரச் செலவு. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை, அதன் மேல்வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன் 11 சதவீதமாக இருந்தது, அப்போது பதிவுக் கட்டணத்தை 4-இலிருந்து 2 ஆக்கினார்கள். 54 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் 4.86 லட்சம். இதற்கு வங்கி கடன் தராது, உங்கள் கைக்காசுதான். அடுத்தது புரோக்கர் கமிஷன். வாங்கும்போது ஒரு சதவீதம், விற்கும்போது ஒரு சதவீதம் என்று வைத்தால் 1.29 லட்சம். வக்கீல் கருத்து, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், மதிப்பீட்டாளர், அடமானப் பதிவு இதெல்லாம் சேர்ந்து குறைந்தது நாற்பதாயிரம். 40 லட்சத்துக்கு எட்டரை சதவீதம் என்றால் மாத வட்டி மட்டும் 28,000-க்கு மேல், எட்டு மாதத்துக்கு 2.27 லட்சம். இத்தனையும் போக 4.18 லட்சம் மிச்சம். நகைக்கடன் வட்டியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

இதோடு முடியவில்லை, வரி இருக்கிறது. வீட்டை 24 மாதத்துக்குள் விற்றால் அது குறுகிய கால ஆதாயம், உங்கள் சம்பளத்தோடு சேர்த்து வழக்கமான விகிதத்தில் வரி கட்ட வேண்டும். வட்டியை அடக்க விலையில் சேர்ப்பதை வருமான வரித்துறை எளிதில் ஒப்புக்கொள்ளாது, அதனால் அதை விட்டுவிட்டுப் பார்த்தால் ஆதாயம் 6.85 லட்சம். உங்கள் 17 லட்சம் சம்பளத்துக்கு மேல் இது வந்து உட்காரும்போது செஸ் சேர்த்து சுமார் 1.6 லட்சம் வரி. ஆக, கடைசியில் நிற்பது 2.6 லட்சம். இதற்காக உங்கள் பணம் 28 லட்சம் உள்ளே போயிருக்கிறது (கடன் போக 14, பத்திரம், கமிஷன், கட்டணங்கள் சேர்த்து கிட்டத்தட்ட 6, வேலைக்கு 8). உங்களிடம் நகையைச் சேர்த்தும் 26-தான் இருக்கிறது, இதையும் கவனியுங்கள். அதே 28 லட்சத்தை ஆறரை சதவீத வைப்பு நிதியில் போட்டிருந்தால் எட்டு மாதத்தில் 1.2 லட்சம் தூங்கிக்கொண்டே வந்திருக்கும்.

இப்போது விற்பனை இன்னும் எட்டு மாதம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். இன்னொரு 2.27 லட்சம் வட்டி. மிச்சம் முப்பதாயிரம். 75 லட்சம் கொடுத்து வாங்க வருகிறவரும் 6.75 லட்சம் பத்திரச் செலவு செய்தாக வேண்டும், அவருக்கு உங்கள் வீடு கிட்டத்தட்ட 82 லட்சம். அவரும் வங்கிக்குப் போவார், வங்கி மதிப்பீட்டாளர் வந்து முப்பத்தைந்து வருடக் கட்டடம் என்று எழுதுவார். எட்டு மாதத்தில் முடியும் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறீர்கள்?

இந்தத் தொழிலில் லாபம் வாங்கும் நாளில்தான் உறுதியாகிறது, விற்கும் நாளில் அல்ல. இதே வீடு 47-க்கு முடிந்தால் பேச்சே வேறு. 54-க்கு நான் தொடமாட்டேன்.

செங்கல்சூளை:

பழைய வீடுகளைச் சரிசெய்யும் வேலைதான் எனக்குப் பிழைப்பு. எட்டு லட்சத்துக்கு என்ன பட்டியல் போட்டீர்கள் என்று தெரியவில்லை, ஆனால் வீட்டை உடைக்காமல் போட்ட பட்டியல் எதுவும் உடைத்த பிறகு அதே தொகையில் நின்று நான் பார்த்ததில்லை. பதினொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கன் சொன்ன மிச்சத்தில் அந்த மூன்றைக் கழித்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு மேசை, ஒரு மரக்கழி எடுத்துக்கொண்டு போங்கள். மேசைமேல் ஏறி உள்கூரையின் பூச்சை அறை அறையாகத் தட்டிப் பாருங்கள். கெட்டியாகச் சத்தம் வந்தால் சரி, டொக்கென்று வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி பூச்சைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சமையலறைக்கும் குளியலறைக்கும் மேலே இருக்கும் தளமும் சன்ஷேடும்தான் முதலில் போகும். அப்புறம் பீரோவை, கட்டிலை நகர்த்தச் சொல்லி சுவரின் கீழ் ஒரு அடியைப் பாருங்கள். விற்பதற்காகப் புதுசாக வெள்ளை அடித்திருந்தாலும் உப்பு பூத்த இடத்தில் கையை வைத்துத் தேய்த்தால் மாவு போல உதிரும். பெயிண்ட்டால் அது போகாது, பூச்சைச் செங்கல் வரை கொத்தி எடுத்துத் திரும்பப் பூச வேண்டும்.

அந்தக் காலத்துச் சிறிய வீடுகள் பெரும்பாலும் தூண் இல்லாமல் சுவர் மேல் சுமை நிற்கிற கட்டடங்கள். நடுச்சுவரை எடுத்து ஹாலைப் பெரிசாக்கலாம் என்று யாராவது படம் வரைந்து காட்டினால், பொறியாளர் பார்க்காமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்க விடாதீர்கள். மேலே பிற்பாடு கட்டிய போர்ஷன் இருக்கிறது என்றீர்களே, கீழ்ச்சுவர் அதைத் தாங்குகிறதா, விரிசல் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுகிறதா என்று பாருங்கள். அந்த மாடிக்கு அனுமதி வாங்கிக் கட்டினார்களா என்பதையும் கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத மாடிக்கு வங்கி மதிப்பே போடாமல் விடலாம், அப்போது நீங்கள் எண்ணியிருக்கும் 40 லட்சம் வராது.

தெருமட்டத்தையும் பாருங்கள். சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு எத்தனையோ பழைய வீடுகள் தெருவை விடப் பள்ளத்தில் கிடக்கின்றன. அப்படி இருந்தால் மழைக்கு வாசல் வழியாகவே தண்ணீர் உள்ளே வரும், வாங்க வருகிறவர் அதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

எதில் போட்ட காசு திரும்பி வருகிறது என்று கேட்டால், குளியலறை, சமையலறை மேடை, வயரிங், மொட்டை மாடி நீர்க்கசிவைத் தடுக்கத் தட்டோடு, அப்புறம் ஒரு கார் நிற்க இடம். கார் நிறுத்த இடம் இல்லை என்றால் எழுபதுக்கு மேல் கொடுக்கிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். பொய்க்கூரையில், சுவர் அலங்காரத்தில் போட்ட காசு வராது.

தெற்குவாசல்:

ஒத்தி பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். ஒத்திக்கு இருந்தவள் என்ற முறையில்.

ஒத்தி என்பது வீட்டுக்காரருக்கு வட்டியில்லாப் பணம் என்று புரோக்கர் சொல்லியிருப்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 9,000 வாடகை வரக்கூடிய கீழ்ப் போர்ஷனை எட்டு லட்சம் ஒத்திக்கு விட்டால், வருடம் 1.08 லட்சம் வாடகையை விட்டுக்கொடுக்கிறீர்கள். எட்டு லட்சத்துக்கு அது பதின்மூன்றரை சதவீதம். பதின்மூன்றரைக்கு வாங்கி எட்டரை சதவீதக் கடனை அடைப்பதில் என்ன பயன்? இரண்டு மூன்று வருடம் கழித்து அவர்கள் காலி செய்யும்போது எட்டு லட்சத்தையும் ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும். அடுத்த ஒத்திக்காரர் கிடைத்தால்தான் முந்தையவருக்குத் திருப்பித் தர முடியும் என்ற நிலையில்தான் பல வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை.

இதில் எதிர்ப்பக்கம் இருக்கும் குடும்பத்தையும் நினைத்துப் பாருங்கள். நாங்கள் ஏழு லட்சம் ஒத்திக்கு இருந்தோம். பதிவு செய்து தாருங்கள் என்று கேட்டோம், செலவு ஆகும், நம்பிக்கை இல்லையா என்று சொல்லி முத்திரைத் தாளில் எழுதிக் கொடுத்தார் வீட்டுக்காரர். நாங்கள் குடிபோகும்போது வில்லங்கச் சான்றில் வீட்டின் மேல் எந்தக் கடனும் இல்லாமல் சுத்தமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அதே வீட்டை வங்கியில் வைத்துத் தொழிலுக்குக் கடன் வாங்கியிருக்கிறார். எங்கள் ஒத்தி பதிவில் இல்லாததால் வங்கிக்கு நாங்கள் வெறும் குடித்தனக்காரர்கள். ஒரு காலையில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது கேட்டில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தெருவே நின்று படித்தது. வீட்டுக்காரரின் உறவினர்கள் தலையிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் தந்தார்கள், இன்னும் மூன்று லட்சம் வரவில்லை. அது என் கணவர் வெளிநாட்டில் உழைத்த பணம்.

உங்களுக்கு வங்கிக் கடன் இருக்கும்போது வங்கியைக் கேட்காமல் ஒத்திக்கு விட்டால் கடன் நிபந்தனையையும் மீறுகிறீர்கள், ஒரு குடும்பத்தின் சேமிப்பையும் பணயம் வைக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாடகைக்கு விடுங்கள், ஒப்பந்தம் எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். இருவருக்கும் பாதுகாப்பு.

நகையை வைக்கும் யோசனை பற்றியும் ஒரு வார்த்தை. அது உங்கள் மனைவியின் நகை. அவரிடம் பேசாமல் அதைக் கணக்கில் சேர்த்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

பத்திர ஆபீஸ்:

ஒப்பந்தம் போட்டுக் கைமாற்றும் விஷயத்துக்கு வருகிறேன். நடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தையே பதிவு செய்தாக வேண்டும். பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு ஐந்து லட்சம் கொடுத்தால், நாளைக்கு அவர்கள் வேறு யாருக்காவது கிரயம் செய்து கொடுத்தால் வழக்குப் போட்டு அலைய வேண்டியதுதான். கைமாற்றும்போது கிடைக்கும் வித்தியாசப் பணம் பெரும்பாலும் ரொக்கமாக வரும், அங்கேதான் சிக்கல். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒப்பந்தம் மட்டும் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டில் ரிப்பேர் செலவு செய்வது என்பதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

வாரிசுகள் விற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பிள்ளைகள், பெண்கள் எத்தனை பேர்? எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்களா? அண்ணன் தம்பிகள் பேசி முடித்துவிட்டு, அக்காவுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்தாகிவிட்டது என்று சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தகப்பனார் உயில் எழுதாமல் போயிருந்தால் அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு, மனைவி இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கு உரிமை என்று தமிழ்நாடு 1989-இலேயே திருத்தம் கொண்டுவந்தது, 2005-இல் நாடு முழுவதும் வந்தது. வாரிசுச் சான்றைக் கையில் வாங்கி, அதிலிருக்கும் ஒவ்வொரு பெயரையும் நேரில் பார்த்துப் பேசுங்கள். வெளியூரில் இருக்கும் ஒரு அக்கா கையெழுத்துப் போடாத ஒரே காரணத்துக்காகத்தான் சில வீடுகள் மலிவாக வருகின்றன.

வில்லங்கம் முப்பது வருடத்துக்காவது எடுங்கள், தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய உரிமைப் பத்திரம்) மூலப்பிரதியாக இருக்கிறதா பாருங்கள், பட்டா இறந்தவர் பெயரிலேயே இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் நீங்கள்தான் ஒரு சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும், 54 லட்சம் என்றால் 54,000. அது விற்பவர் பணத்திலிருந்துதான் போகிறது, ஆனால் பிடிக்காமல் விட்டால் உங்கள் தலையில் விழும்.

அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டுக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கொடுக்கலாம் என்று சொல்வார்கள். அப்படிச் செய்தால் வங்கி பத்திரத்தில் இருக்கும் விலையை வைத்துத்தான் கடன் தரும், நாளைக்கு நீங்கள் முழு விலைக்கு விற்றால் ஆதாயம் பெரிதாகி வரியும் ஏறும். முழு விலைக்கே பதியுங்கள்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. தெற்குவாசல் அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று இரவே மனைவியிடம் பேசினேன். நகை வேண்டாம் என்று முடிவு. ஒத்தியும் வேண்டாம்.

இன்று கழியோடு போய்த் தட்டிப் பார்த்தேன். சமையலறைக் கூரையில் பாதிக்கு மேல் டொக்கு. மாடிக்கு அனுமதி வரைபடம் இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். மூன்று மகன், ஒரு மகள், மகள் ஓசூரில் இருக்கிறார், அவர் கையெழுத்து இன்னும் பேசப்படவில்லை.

இப்போது வேறு மாதிரி யோசிக்கிறேன். விலை 47-க்கு இறங்கி வந்தால் 32 லட்சம் மட்டும் கடன் வாங்கி, முதலில் கீழ்ப் போர்ஷனை மட்டும் சரிசெய்து வாடகைக்கு விட்டு, இரண்டு வருடம் தாண்டிய பிறகு விற்றால் எப்படி? அப்பா பெயரில் உள்ள வீட்டை வைத்து இன்னும் கொஞ்சம் கடன் வாங்கினால் மாடியையும் சேர்த்துச் செய்யலாம் என்று தம்பி சொல்கிறான்.

கணக்கன்:

இது முதல் திட்டத்தை விட எவ்வளவோ மேல். 24 மாதம் தாண்டினால் நீண்ட கால ஆதாயம், வரி 12.5 சதவீதம்தான். விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிடும் குறியீட்டுச் சலுகை 2024 ஜூலை 23-க்குப் பிறகு வாங்கும் சொத்துக்கு இல்லை, அதை எதிர்பார்க்காதீர்கள். அந்த ஆதாயத்தை இரண்டு வருடத்துக்குள் இன்னொரு வீட்டில் போட்டால் வரியே இல்லாமலும் செய்யலாம், குறுகிய காலத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆனால் வாடகையை நம்பித் தவணை கட்ட முடியாது என்பதை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். 32 லட்சத்துக்கு இருபது வருடம் என்றால் மாதம் 27,800 போல வரும். கீழே மட்டும் விட்டால் 9,000. மீதி 18,800 உங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் போக வேண்டும், இரண்டு வருடத்துக்கும். புது வரிமுறையில் வாடகை வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது. இரண்டு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் என்ன செய்வீர்கள் என்பதற்கும் ஒரு தொகை தனியாக வையுங்கள். மாறும் வட்டிக் கடனை வாங்குங்கள், தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. அடைத்த பிறகு மூலப்பத்திரத்தை 30 நாளில் திருப்பித் தர வேண்டும், தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. விற்கும்போது வாங்குகிறவர் தரப்பு அதைத்தான் முதலில் கேட்கும்.

அப்பா வீட்டை வைக்காதீர்கள். இந்த வீடு போனால் பணம் போகும், அதோடு நிற்கும். அவர்கள் வயதான காலத்தில் இருக்கிற கூரையை இதில் கொண்டுவர வேண்டாம். மாடியைப் பூட்டி வைத்திருந்தாலும் பரவாயில்லை.

பத்திர ஆபீஸ்:

ஓசூருக்கு நீங்களே போய் அந்த அம்மாவைப் பாருங்கள், அண்ணன்மார் வழியாகச் செய்தி அனுப்ப வேண்டாம். அவர் வரச் சம்மதித்தால் ஒப்பந்தத்தில் நால்வரும், தாயார் இருந்தால் அவரும் கையெழுத்துப் போடட்டும். அட்வான்ஸை ஒரு லட்சத்துக்கு மேல் தராதீர்கள், வங்கி மூலமாக, ஒவ்வொருவர் கணக்குக்கும் தனித்தனியாகப் பிரித்து அனுப்புங்கள். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கெடு நான்கு மாதம் கேளுங்கள், அனுமதியில்லாத மாடி இருப்பதால் வங்கியில் இழுக்கும்.